பரவைக்கடலில் கயாக் இறக்க நல்ல துறை எது?

வாசகர் கேள்வி பதில்

பத்தரை அடி பிளாஸ்ரிக் கயாக் (துடுப்பால் ஓட்டும் சிறு படகு) ஒன்று வாங்கியிருக்கிறேன். மேலே இருந்து ஓட்டுகிற வகை, நிறை 24 கிலோ. காரின் கூரையில் கட்டிக்கொண்டு போகலாம். எங்கே இறக்குவது என்றுதான் தெரியவில்லை. வீதியால் போகும்போது எல்லா இடமும் நல்ல இடமாகத்தான் தெரிகிறது.
க. சு., கோண்டாவில்

வீதியில் நின்று பார்த்தால் அப்படித்தான் தெரியும். பரவைக்கடல் என்னும் யாழ் கடல்நீரேரியின் பெரும்பகுதி ஆளுயரத்துக்குள் அடங்கும். கரையோரம் முழங்காலளவு, பல இடங்களில் கணுக்காலளவு. ஆகவே ஆழத்துக்குப் பயப்படுவதைவிட ஆழமில்லாமைக்குப் பயப்பட வேண்டும். இறக்குதுறை தேடுவது என்றால் முதலில் அடித்தரை தேடுவது.

வீட்டிலிருந்தே பாதி வேலை முடியும். கணினியில் கூகிள் ஏர்த்தைத் திறந்து, மணிக்கூட்டு அடையாளத்தை அழுத்திப் பழைய படங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஆடி, ஆவணியில் எடுத்த படம் ஒன்றும், மார்கழி, தையில் எடுத்த படம் ஒன்றும் கிடைத்தால் போதும். மாரிப் படத்தில் தண்ணீர், கோடைப் படத்தில் வெள்ளைத் தரை என்றால் அந்த இடத்தைப் பட்டியலில் இருந்து எடுத்துவிடலாம். வெளிர்மஞ்சளாகத் தெரிவது பெரும்பாலும் மணல். கரும்பச்சைத் திட்டுகள் சாதாளை (கடற்புல்). மண்ணிறமாக, வரியே இல்லாமல் வழவழவென்று கிடப்பது சுரி, அதாவது கால் புதையும் சேறு. நேர்கோடாகப் போய் நுனியில் அம்புத்தலைபோல் மடங்குவது களங்கட்டி, மீன் பிடிக்கக் கம்பு நட்டு வலை கட்டிய வேலி. வரிசை வரிசையாகச் சதுரங்கள் தெரிந்தால் கடலட்டைப் பண்ணை.

இன்னுமொரு தடயத்தைப் பலர் கவனிப்பதில்லை. வள்ளங்கள் எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். கரையில் ஏற்றி வைத்திருந்தால், வாகனத் தடம் தண்ணீர்வரை போயிருந்தால், தரை இறுக்கம். கரையை விட்டு நூறு, நூற்றைம்பது மீற்றர் தள்ளிக் கட்டியிருந்தால், அந்த ஊர்த் தொழிலாளி தன் வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவர ஏலாமல்தான் அங்கே விட்டிருக்கிறார். அவருக்கு ஏலாதது உங்களுக்கும் ஏலாது.

பிறகு நேரே போய்ப் பாருங்கள், கயாக் இல்லாமல். ஆறடிப் பூவரசந்தடி ஒன்றில் பத்துச் சென்ரிமீற்றருக்கு ஒரு வெட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். தடியின் நுனி கூராக இருக்கக்கூடாது. இரண்டு விரல் தடிப்பாவது வேண்டும். கரையிலிருந்து 10, 20, 30 மீற்றரில் ஒரு கையால் அழுத்துங்கள். பத்துச் சென்ரிமீற்றருக்குள் ‘டக்’ என்று நின்றால் கீழே மணலோ சுண்ணாம்புக் கல்லோ இருக்கிறது. முப்பது போயும் நிற்கவில்லையென்றால் தடியை இழுத்துக்கொண்டு திரும்புங்கள். தடி வெளியே வரும்போது கறுப்பாக, அழுகிய முட்டை மணத்தோடு வந்தால் அது காற்றுப் படாத ஆழச் சுரி. கண்டல் மரங்களுக்கு முன்னாலும் வாய்க்கால்கள் வந்து விழும் இடங்களிலும் அதுதான் கிடக்கும். நகரப்பக்க வாய்க்கால் வாய்களில் சுரியோடு கழிவுநீரும் சேரும். அங்கே இறங்கவே வேண்டாம்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 75 கிலோ ஆள் இருந்தால் உங்கள் கயாக் பத்து, பன்னிரண்டு சென்ரிமீற்றர் அமிழும். அடியில் செதிள் (நேராக ஓடவைக்கும் தகடு) பூட்டியிருந்தால் இன்னும் பதினைந்து. துடுப்பின் அலகு முழுதாகப் பிடிக்க இருபத்தைந்து, முப்பது தேவை. எனவே வற்று நேரத்திலும், அதாவது தண்ணீர் இறங்கிய நேரத்திலும், முழங்காலளவு இருக்கிற இடம்தான் துறை. காரிலிருந்து அந்த முழங்கால் ஆழம்வரை எத்தனை மீற்றர் என்று எண்ணுங்கள். தனியாளாக 24 கிலோவைத் தூக்கிச் சேற்றில் ஐம்பது மீற்றருக்கு மேல் நடக்க முடியாது. போகும்போது நடந்துவிடுவீர்கள், திரும்பும்போது அந்தத் தெம்பு இருக்காது.

அரியாலைப் பக்கம் காலை ஒன்பது மணிக்கு இறங்கினோம். தண்ணீர் வடிவாக இருந்தது. பின்னேரம் திரும்பி வந்தால் கரைக்கும் எங்களுக்கும் இடையில் வெறும் சேறு. முழங்கால்வரை புதைந்து இழுத்து வந்தோம். இங்கே வற்றுப்பெருக்கு பெரிதில்லை என்கிறார்களே?
த. ம., நல்லூர்

பெரிதில்லைத்தான். எங்கள் பக்கத்தில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் இரண்டடிக்குள் அடங்கும். தரையின் சரிவுதான் உங்களை மாட்டிவிட்டது. ஐந்நூறு மீற்றருக்கு ஒரு மீற்றர் என்ற கணக்கில் சரிந்த தரையில் தண்ணீர் முப்பது சென்ரிமீற்றர் இறங்கினால் 150 மீற்றர் வெளியே தெரியும். ஒரு சாண் தண்ணீர் குறைந்தாலே நூறு மீற்றருக்கு மேல் சேறு நடக்க வேண்டிவரும். பறுவத்தையும் (பௌர்ணமி) அமாவாசையையும் ஒட்டிய இரண்டு மூன்று நாட்களில் ஏற்ற இறக்கம் கூட. வற்று நேரம் நாளுக்கு ஏறத்தாழ ஐம்பது நிமிடம் பிந்தும். போன ஞாயிறு சரியாக இருந்த நேரம் இந்த ஞாயிறு சரிவராது. தொலைபேசியில் பார்க்கும் அட்டவணை வெளிக்கடலுக்கானது. நீரேரியின் உள்ளே, குறிப்பாகக் கிழக்குப் பக்கம், அதற்குப் பிந்தித்தான் தண்ணீர் ஏறும், இறங்கும்.

காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) நாட்கணக்கில் அடித்தால் தண்ணீரை வடகிழக்கே தள்ளிக் குவிக்கும், தென்மேற்குக் கரைகள் வற்றும். வாடையில் (வடகிழக்குக் காற்று) இது மறுதலை. அட்டவணையில் பெருக்கு என்று இருந்தும் கரையில் தண்ணீர் இல்லாத நாட்களுக்கு இதுதான் காரணம்.

இதற்கு நம்பகமான கருவி ஒரு குச்சி. வந்து இறங்கியதும் தண்ணீர் விளிம்பில் அதைக் குத்துங்கள். கயாக்கை இறக்கி, உயிர்காப்பு அங்கி போட்டு, பைகளைக் கட்டி முடிக்கப் பதினைந்து இருபது நிமிடம் போகும். அதற்குள் விளிம்பு குச்சியை விட்டு விலகியிருந்தால் வற்று ஓடுகிறது. ஒரு மணித்தியாலத்துக்குள் திரும்புகிற மாதிரிப் போங்கள், அல்லது அன்று விட்டுவிடுங்கள். குச்சியைத் தண்ணீர் மூடியிருந்தால் உங்களுக்கு நேரம் இருக்கிறது.

மாட்டிக்கொண்டால் முதல் விதி, கயாக்கை விட்டு இறங்காதீர்கள். இறங்கினால் உங்கள் முழு நிறையும் இரண்டு பாதத்தில் நிற்கும். கயாக்கில் இருந்தால் பத்தடிக்குப் பரவும். துடுப்பின் அலகைப் படுக்கையாகச் சேற்றில் ஊன்றி, உடலை முன்னும் பின்னும் ஆட்டித் தள்ளுங்கள். அதற்கும் நகராவிட்டால் பின்பக்கமாக ஒரு முழங்காலைக் கயாக்கில் ஊன்றி, மற்றக் காலால் உதைத்துப் போங்கள், பிள்ளைகள் ஸ்கூட்டர் ஓட்டுகிற மாதிரி. கால் புதைந்துவிட்டால் நேரே மேலே இழுக்கவேண்டாம். கீழே வெற்றிடம் உண்டாகி இன்னும் இறுக்கும். கயாக்கின் மேல் வயிறு படச் சாய்ந்து, குதிக்காலை வட்டமாக ஆட்டித் தண்ணீரை உள்ளே விட்டால் கால் தானே இளகும். எதுவும் முடியாவிட்டால் தொப்பியைப் போட்டுக்கொண்டு பெருக்கு வரும்வரை இருங்கள். அதற்காகத்தான் ஆளுக்கு இரண்டு லீற்றர் குடிதண்ணீர் என்று சொல்வது.

போகிற இடம் சுரி என்று முன்பே தெரிந்தால் காரில் மூன்று பழைய கிடுகு போட்டுக்கொண்டு போங்கள். ஒன்றன்பின் ஒன்றாக விரித்து, பின்னாலுள்ளதை எடுத்து முன்னால் போட்டு நடந்தால் கணுக்கால் கூடப் புதையாது. விலைகொடுத்து வாங்கும் சில்லு வண்டியைவிட இது நல்லது. ஒடுங்கிய ரயர் உள்ள வண்டி சுரியில் அச்சுவரை இறங்கிவிடும்.

பிள்ளைகளோடு போவதற்குக் காரைநகர் கசூரினாக் கடற்கரை பாதுகாப்பானதா? ஆனி மாதம் போனபோது தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது.
வி. ரா., மானிப்பாய்

கண்ணாடிபோல் இருந்ததே ஆபத்து. கசூரினா தீவின் வடகரை. ஆனியில் அடிப்பது சோளகம், அதாவது உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கடலை நோக்கி. கரையோரம் மரங்கள் மறைப்பதால் அலை எழும்பாது. இருநூறு மீற்றர் போனதும் மறைப்பு முடிந்து, காற்றுப் பிடித்து, பாக்கு நீரிணைப் பக்கம் தள்ளும். போகும்போது ‘எவ்வளவு லேசாக ஓடுது’ என்று தோன்றும். திரும்பும்போதுதான் தெரியும், அது உங்கள் கைப்பலம் அல்ல என்று.

குளிக்க அது அருமையான இடம். பிள்ளைகளைக் கயாக்கில் ஏற்றுவதானால் பங்குனி, சித்திரையில், காற்று ஓய்ந்த காலையில், இடுப்பளவு தண்ணீருக்குள், கரைக்குச் சமாந்தரமாக மட்டும். கயாக்கின் முன்நுனியில் பதினைந்து மீற்றர் கயிறு கட்டிப் பெரியவர் ஒருவர் பிடித்திருந்தால் இன்னும் நல்லது. வாடைக் காலத்தில் அலை நேரே கரைக்கு வரும், இறக்கவே விடாது.

பொதுவாக எந்த இடத்திலும் கரையில் நின்று ஒரு பிடி காய்ந்த மணலைப் பறக்கவிட்டுப் பாருங்கள். கடலை நோக்கிப் பறந்தால் அது புதியவருக்கான நாள் இல்லை. சோளகக் காலத்தில் வெள்ளன ஐந்தே முக்கால், ஆறுக்கு இறங்கி எட்டரைக்கு முன் ஏறிவிடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். முதல் பாதியைக் காற்றுக்கு எதிராக ஓட்டி, களைத்த பிறகு காற்றோடு திரும்புங்கள். ஐப்பசி, கார்த்திகையிலும் சித்திரையிலும் பின்னேரம் இடிமழை கட்டும். திறந்த நீரேரியில் நீங்கள்தான் உயரமான பொருள் என்பதை நினைவில் வையுங்கள்.

வலையைக் கிழித்துவிட்டேன் என்று ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார். நான் வலையைக் காணவே இல்லை. கடல் எல்லோருக்கும் பொதுவானதுதானே?
பெயர் வேண்டாம், யாழ்ப்பாணம்

பொதுவானதுதான். ஆனால் நீங்கள் விளையாடுகிற இடத்தில் அவர் உழைக்கிறார். கிழிந்த வலைக்கு அன்றைய வருமானமும் அடுத்த நாளைய வருமானமும் போகும். நியாயம் அவர் பக்கம்தான் என்று சொல்லவேண்டியிருக்கிறது.

காணவில்லை என்பதையும் நம்புகிறோம், ஏனென்றால் எதைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் தெரியாது. களங்கட்டியில் முதலில் வருவது சிறகு: கரைப்பக்கத்திலிருந்து ஆழத்தை நோக்கிக் கம்புகளை நட்டு வலை கட்டிய நீண்ட வேலி. மீனும் இறாலும் அதை ஒட்டியே போய், நுனியிலுள்ள அடைப்புக்குள் நுழைந்து, திரும்பும் வழி தெரியாமல் நிற்கும். சிறகைச் சுற்றிப் போகவேண்டுமானால் அடைப்பிருக்கும் ஆழப்பக்கத்தால், இருபது மீற்றராவது தள்ளிப் போங்கள். கரைப்பக்கத்தால் நுழைந்தால் செதிள் மாட்டும். பழைய களங்கட்டி நின்ற இடங்களில் முறிந்த கம்பின் அடிக்கட்டை தண்ணீருக்கு ஒரு சாண் கீழே நிற்கும். பிளாஸ்ரிக் கயாக்கில் கீறல் போடும், காற்று ஊதுகிற கயாக்கைக் கிழித்தே விடும். நண்டு வலையின் அடையாளம் வெறும் பிளாஸ்ரிக் போத்தல்தான். ஒன்று மிதந்தால் அதோடு சேர்ந்த மற்றதைத் தேடுங்கள். வலை இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது, அந்தக் கோட்டைக் கடக்கவேண்டாம். கடக்கத்தான் வேண்டுமென்றால் செதிளைக் கழற்றி, துடுப்பை நிறுத்தி, வந்த வேகத்தில் வழுக்கிக்கொண்டு போங்கள்.

கடலட்டைப் பண்ணைகள் வேறு வகை. கம்பும் வலையும் அடைத்த நீர்த்துண்டுக்கு அனுமதி வாங்கி நடத்துகிறார்கள். களவு பயத்தால் காவல் குடில் இருக்கும். விடியற்காலை இருட்டில் ஓசையில்லாமல் ஒரு கயாக் வந்தால் காவல்காரர் என்ன நினைப்பார் என்று யோசித்துப் பாருங்கள். நன்றாக விலகிப் போங்கள், விடிந்தபிறகு போங்கள்.

புதிய ஊரில் இறக்கும் முன் அந்த ஊர்க் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். சங்கக் கட்டடம் பூட்டியிருந்தால் வாடியில் வலை பொத்திக்கொண்டிருக்கும் ஐயாவிடம் கேளுங்கள். “இதால இறக்கலாமோ?” என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், “வலை எந்தப் பக்கம், வற்று எத்தனை மணிக்கு, வாகனம் எங்க விடலாம்?” என்று மூன்றையும் கேளுங்கள். நீங்கள் கூகிளில் ஒரு கிழமை தேடியதைவிட அந்த ஐந்து நிமிடத்தில் கூடக் கிடைக்கும். குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற தொழில் துறைகளில் காலையில் மீன் இறங்கும் நேரத்தில் கயாக்கோடு போய் நிற்காதீர்கள்.

குறிப்பாக இடங்களின் பெயர் சொல்ல முடியுமா?
ஒரே கேள்வியை ஐந்து பேர் எழுதியிருக்கிறார்கள்

சொல்லலாம், மேலே சொன்ன தடிச் சோதனையோடு.

பொன்னாலையிலிருந்து காரைநகர் போகும் பாலவீதி ஏறத்தாழக் கிழக்கு மேற்காக ஓடுகிறது. சோளகத்தில் அதன் வடபக்கமும் வாடையில் தென்பக்கமும் மறைப்பு. பழகுவதற்கு நல்லது, ஆனால் மறைப்புக்குள்ளேயே நில்லுங்கள். மதகுகளுக்குக் கீழே நீரோட்டம் இழுக்கும். முப்பது மீற்றருக்குள் போகவேண்டாம். பண்ணைப் பாலவீதியிலும் இதே கதைதான்.

வேலணை சாட்டியில் மணற்கரை, வாகனம் கிட்ட வரும், ஆழம் மெல்ல மெல்லக் கூடும். தனியாகத் தொடங்குபவருக்கு எங்கள் முதல் தெரிவு அது. விடுமுறை நாளில் குளிப்பவர்கள் நிறைந்திருப்பார்கள். அவர்களை விட்டு ஒதுங்கி இறக்குங்கள்.

கேரதீவுப் பக்கம் ஓரளவு பழகியவருக்கு. 2011இல் 288 மீற்றர் நீளச் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கும் முன் பாதை (வாகனம் ஏற்றும் மிதவைப் படகு) ஓடிய இடம் அது. நீரேரி ஒடுங்குவதால் பாலத்தின் கீழ் ஓட்டம் பலம்: பெருக்கில் கிழக்கே, வற்றில் மேற்கே. பாலத்துக்கு மேற்கே இறக்கினால் பெருக்கு ஓடும்போது பாலத்தை நோக்கி இழுபடுவீர்கள். தூண்களில் குறுக்காக மோதினால் கயாக் கவிழ்ந்து அங்கேயே ஒட்டிக்கொள்ளும். பெருக்கின்போது கிழக்குப் பக்கத்தில் இறக்கி, ஓட்டம் தணியும் நேரத்தில் திரும்புகிற மாதிரிக் கணக்குப் பண்ணுங்கள்.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையில் பாதை ஓடும் வாய்க்கால் படத்துக்கு வடிவுதான், ஹமன்ஹீல் கோட்டையும் தெரியும். ஆனால் அது கடற்படையின் பொறுப்பில் உள்ள பகுதி. முன்கூட்டிக் கேட்காமல் கோட்டையை நெருங்காதீர்கள். தீவுப்பகுதி முழுவதற்குமே, முகாம் தெரிகிற இடத்தில் போய்க் கேட்டுவிட்டு இறக்குவது நல்லது.

தொண்டைமானாறு தடுப்பணைக்குக் கிட்ட இறக்கலாமா? செல்வச்சந்நிதிப் பக்கம் வாகனம் விட வசதியாக இருக்கிறது.
ச. கு., கரவெட்டி

கதவுகள் மூடியிருக்கும் கோடையில் தண்ணீர் அசையாது. மாரியில் வடமராட்சி நீரேரி நிறைந்து கதவு திறந்தால் நிலைமை வேறு. மேல்பக்கத்தில் தண்ணீர் மட்டமாக, அமைதியாகத்தான் தெரியும். இழுவை முழுக்கக் கதவை நோக்கி. கீழ்ப்பக்கத்தில் தண்ணீர் உருண்டு திரும்பி, விழுந்தவரை அணையோடு ஒட்டிச் சுழற்றும். அங்கி போட்டிருந்தாலும் அதிலிருந்து வெளியேறுவது கடினம். மழைக் காலத்தில் அணையின் இரு பக்கமும் நூறு மீற்றருக்குள் போகவேண்டாம். கதவு இன்று மூடியிருக்கிறது என்று இறக்கி, நடுவில் திறந்தால் யாரும் உங்களுக்குச் சொல்லிவிட்டுத் திறக்கமாட்டார்கள்.

வல்லைப் பக்கம் போங்கள். மாசி வரையும் தண்ணீர் நிற்கும், பிறகு வற்றி உப்புப் படியும். வல்லைவெளியில் காற்றை மறைக்க ஒரு மரமும் இல்லை, ஆகவே காலை மட்டும். பூநாரைக் கூட்டம் நின்றால் 150 மீற்றர் தள்ளியே நில்லுங்கள். தலையைத் தூக்கி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் ஏற்கனவே கிட்டப் போய்விட்டீர்கள் என்று பொருள்.

குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குக் கயாக்கில் போகலாமா?
நி., புங்குடுதீவு

வேண்டாம். தீவுகளுக்கிடையில் ஓட்டம் பலம், பயணிகள் படகுகளின் அலை குறுக்காக வரும், தண்ணீர் மட்டத்தில் இருக்கும் உங்களை ஓட்டி காணமாட்டார். ஆனித் திருவிழாக் காலத்தில் கேட்கவே வேண்டாம். படகில் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள்.

காலுக்கு என்ன போடுவது? செருப்பு இரண்டு தடவை சேற்றோடு போய்விட்டது.
ஜெ. அ., சுண்டுக்குளி

பழைய கான்வஸ் சப்பாத்து, நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டு. வெறுங்காலோடு இறங்கவே கூடாது. கல்லிலும் கம்பிலும் ஒட்டிய மட்டி ஓடு பிளேட் மாதிரி வெட்டும், சேற்றுக் காயம் இலகுவில் ஆறாது. நடக்கும்போது பாதத்தைத் தூக்கி வைக்காமல் தரையோடு உரசி நகர்த்துங்கள். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை அதிர்வு கேட்டு விலகிவிடும். மேலே மிதித்தால்தான் வாலால் குத்தும். குத்தினால் தாங்கக்கூடிய சூட்டு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அம்புலன்சுக்கு 1990. தொலைபேசியை நீர்புகாப் பையில், அங்கியோடு கட்டி வையுங்கள். கயாக்கில் கட்டினால் கயாக் போகும்போது அதுவும் போகும்.

சுண்டிக்குளம்?
பெயர், ஊர் எழுதவில்லை

தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் உள்ளே கயாக் இறக்க முடியாது. முதலையும் உண்டு.